படிக்க வயசு தடையில்லை, ஆனால் வரிசை மாறக் கூடாது



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். உள்கடன் கேட்பவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவர் மாடு வாங்க, ஒருவர் மகன் பாலிடெக்னிக் பீஸ் கட்ட, ஒருவர் வீட்டுக்குச் சிமெண்ட் ஷீட் போட. நாலாவதாக ஒரு சகோதரி தயங்கித் தயங்கி, "நான் காலேஜ் படிக்கணும், ஐயாயிரம் வேணும்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "மகளுக்குக் கல்யாண வயசு வந்தாச்சு, இனிமே நீ படிச்சு என்ன பண்ணப் போறே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, "சரி, வேணாம் விடுங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு எங்களுக்கு மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் படிப்புக்கு நம் குழுக்கள் கடன் கொடுக்கத் தயங்கியதே இல்லை. உறுப்பினர் தான் படிக்கக் கேட்டால் மட்டும் ஏன் வேடிக்கையாகத் தெரிகிறது? 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பிள்ளை பெற்ற பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். அவர்களைப் பார்த்தும் முதலில் சிரித்தவர்கள் உண்டு. பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

எனவே இந்த இதழில், பாதியில் படிப்பை விட்டவர்கள் வேலையும் குடும்பமும் பார்த்துக்கொண்டே பட்டம் வரை போவது எப்படி என்று பேசுவோம். கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்.

ஒரு சகோதரிக்கு நடந்தது

நமக்குத் தெரிந்த ஊக்குநர் ஒருவர் ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். 2006-இல் டவுனில் ஒரு போர்டைப் பார்த்தார். "பத்தாவது, பிளஸ் டூ தேவையில்லை, நேரடியாக பி.ஏ." என்று எழுதியிருந்தது. ஒரு ஆயத்தப் படிப்பை முடித்து, பி.ஏ. சேர்ந்து, களை எடுக்கப் போன நாள் போக மிச்ச நேரத்தில் படித்துப் பாஸும் செய்துவிட்டார். ஊரே பெருமைப்பட்டது.

பிறகு பட்டம் கேட்ட ஒரு அரசு வேலைக்கு விண்ணப்பித்தார். சான்றிதழ் சரிபார்ப்பில், "பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எங்கே? பிளஸ் டூ எங்கே?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் கோப்பை மூடிவிட்டார்கள்.

காரணம் இதுதான். 2009-இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட நேரடிப் பட்டங்கள் குறித்துத் தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட் 18-இல் தமிழக அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 107-ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேறிய பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம்தான் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்பது அதன் சாரம்.

"பிறகு" என்ற சொல்தான் இங்கே முக்கியம். முதலில் பட்டம் வாங்கிவிட்டு, அப்புறம் பத்தாவது எழுதினாலும் பழைய பட்டம் சரியாகிவிடாது. சுவர் எழுப்பிவிட்டு அஸ்திவாரம் போட முடியாது இல்லையா?

சரி, எங்கே ஆரம்பிப்பது?

நீங்கள் எங்கே நின்றீர்களோ அங்கேதான்.

எட்டாம் வகுப்புக்கு முன்பே நின்றவர்களுக்கு எட்டாம் வகுப்பு தனித்தேர்வு உண்டு. எட்டு முடித்தவர்கள் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம். பாஸ் மார்க் 35. அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சி உண்டு, அதற்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டுத் தேர்வு நேரத்தில் அலைபவர்கள் நிறைய. முன்பு எழுதிப் பெயிலானவர்கள் எல்லாப் பாடத்தையும் எழுத வேண்டியதில்லை, போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும். இந்தத் தேர்வுகளை நடத்துவது அரசுத் தேர்வுகள் துறை. தேதி, கட்டணம், பிளஸ் டூ தனித்தேர்வு விதிகள் எல்லாவற்றையும் மாவட்ட அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளியும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கும், பத்தாம் வகுப்பைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் தமிழக அரசு வேலைதான் குறி என்றால், மாநிலத் தனித்தேர்வு வழியில் போவதே நல்லது.

காலேஜ் என்றால் எந்தக் காலேஜ்?

நகரத்தில் மாலை நேரக் கல்லூரிகள் உண்டு. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வகுப்புக்குப் போவார்கள். பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் நம் ஊர்களுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நமக்குத் தெரியும். வகுப்பு முடிவதற்குள் பஸ் போய்விடும்.

அதனால் நம் சகோதரிகளுக்குப் பொருந்துவது பெரும்பாலும் திறந்தநிலை, தொலைநிலைக் கல்விதான். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) 1985-இல் தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கியது, இதில் தமிழ் வழியிலேயே பட்டம் படிக்கலாம். பாடப் புத்தகம் கைக்கு வரும். வீட்டில் படித்து, ஒப்படைப்பு எழுதிக் கொடுத்து, நேரடி வகுப்புக்கும் தேர்வுக்கும் மையத்துக்குப் போனால் போதும். இக்னோவில் மூன்று ஆண்டு பி.ஏ.வை முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஒரு வருஷம் அறுவடையோ பிரசவமோ வந்து எழுத முடியாமல் போனாலும் படிப்பு கெட்டுப்போகாது.

"வீட்டிலிருந்து படிச்ச டிகிரிக்கு மதிப்பு உண்டா?" என்று பலர் கேட்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் இப்படிப் படித்த பட்டம், கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் தெளிவாக அறிவித்தது. அங்கீகாரம் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

1. அந்தப் பல்கலைக்கழகத்துக்கும், நீங்கள் சேரும் அதே படிப்புக்கும், அந்த ஆண்டுக்கு யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா? பட்டியல் இணையத்தில் இருக்கிறது. படித்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

2. நர்சிங், பார்மசி, இன்ஜினியரிங், வக்கீல் படிப்பு இவற்றைத் தபால் வழியில் படிக்க அனுமதி இல்லை. யாராவது சேர்த்துவிடுகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

3. "ஒரே வருஷத்தில் டிகிரி", "பாஸ் பண்ண வைப்பது எங்கள் பொறுப்பு" என்று சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழை ஏஜெண்டிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.

4. 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர, மாணவர் தம் பெயரில் டி.இ.பி. ஐ.டி. என்ற எண்ணை எடுக்க வேண்டும். இதற்கு உங்கள் செல்போன் எண்ணையே கொடுங்கள், ஏஜெண்டின் எண்ணைக் கொடுக்க வேண்டாம்.

5. பெயரைப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல் இருக்கும், ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல் இருக்கும். இந்த ஒரு எழுத்தால் அலைந்தவர்கள் எத்தனையோ பேர். சேரும் முன்பே இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

6. பழைய மார்க் ஷீட் தொலைந்துவிட்டதா? கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமையாசிரியரைப் பாருங்கள். இரண்டாம் படி வாங்க வழி இருக்கிறது.

பணத்துக்கு என்ன செய்வது?

இங்கேதான் குழு வர வேண்டும். 5,000 ரூபாய் உள்கடன், பத்துத் தவணை, மாதம் 500 அசல் என்று வைத்துக்கொள்வோம். 100-க்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்றால் முதல் மாதம் வட்டி 50, அடுத்த மாதம் 45, பிறகு 40 என்று குறைந்துகொண்டே வரும். பத்து மாதத்தில் மொத்த வட்டி 275 ரூபாய்தான். இதே பணத்தை வெளியில் 5 ரூபாய் வட்டிக்கு வாங்கிப் பத்தாம் மாதம் திருப்பினால், வட்டி மட்டும் 2,500 ரூபாய். கணக்கு நோட்டு எழுதும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நேரத்துக்கு என்ன செய்வது?

உண்மையில் பணத்தைவிட இதுதான் கஷ்டம். தண்ணீர் பிடித்து, சமைத்து, நூறு நாள் வேலைக்கோ காட்டு வேலைக்கோ போய்விட்டு வந்து புத்தகத்தைத் திறந்தால் தூக்கம்தான் வரும். படித்த சகோதரிகள் எங்களிடம் சொன்னது, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும், ஆனால் அந்த ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாத நேரமாக இருக்க வேண்டும் என்பதுதான். தனியாகப் படிக்காதீர்கள். ஒரே ஊரில் இரண்டு பேர் சேர்ந்தால் பஸ்ஸுக்கும் துணை, பாடத்துக்கும் துணை. வீட்டில் ஆண்களும் பிள்ளைகளும் அந்த ஒரு மணி நேரம் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

முன்னே சொன்ன அந்த ஊக்குநர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? கொஞ்ச நாள் அழுதார். பிறகு மகள் பத்தாவது எழுதிய அதே வருஷம் தானும் தனித்தேர்வராக எழுதினார். கணக்கில் ஒருமுறை போனது, மறுமுறை வந்தது. பிளஸ் டூவும் முடித்தார். இப்போது வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது, மறுபடியும் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறார். "வேலை கிடைக்குதோ இல்லையோ, இந்தத் தடவை யாரும் என்னைத் திருப்பி அனுப்ப முடியாது" என்கிறார். முன்பு படித்ததும் வீண் போகவில்லை. பேங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து பேசும் தைரியம் அதில்தான் வந்தது என்கிறார்.

அவர் இழந்த ஆண்டுகளை நம்மில் இன்னொருவர் இழக்கக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதினோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். யார் யார் எந்த வகுப்பில் நின்றீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். உறுப்பினர் படிப்புக்கும் உள்கடன் உண்டு என்று தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

அன்று ஐயாயிரம் கேட்டுவிட்டு உட்கார்ந்த சகோதரி பத்தாவது, பிளஸ் டூ இரண்டும் முறையாக முடித்தவர். அவருக்கு வரிசை சரியாக இருக்கிறது. குழு சரி என்று சொன்னால் போதும்.