கந்தரோடையில் உரோமக் காசு

உரோமாபுரி மக்கள் தம் நகரின் பிறந்தநாளை ஆண்டுதோறும் ஏப்பிரல் 21 ஆம் நாள் விழாவாகக் கொண்டாடுவர். கி.மு. 753 இல் நகர் தோன்றியதென்பது மரபு. பண்டைப் போர்வீரர் கோலத்தில், தலைச்சீராவும் கேடயமும் தாங்கியோர் அன்று ஊர்வலம் வருவர்.

அந்நகரின் சுவடு யாழ்ப்பாணத்திலும் உண்டு. சுன்னாகத்தை அடுத்த கந்தரோடையில், 1917 முதல் 1919 வரை போல் பீரிஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்தபொழுது, பழைய இந்நாட்டு நாணயங்களோடு உரோம நாணயங்களும் கிடைத்தன. அப்படியாயின் உரோமர் இங்கே குடியிருந்தனரா? அவ்வாறு கொள்வது அவசர முடிபு. காசு கைமாறும் பொருள். உடையவன் வாராமலே அது கடல் கடக்கும். இலங்கையிற் கிடைத்த உரோமக் காசுகளுட் பெரும்பாலானவை கி.பி. 4, 5 ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சிறு செப்புக் காசுகளே. அவற்றைப் பார்த்து இந்நாட்டிலேயே ஆக்கிய போலிகளும் சில்லறையாக வழங்கின.

ஆதலின் காசிலும் பெரிது, அது கிடந்த மண்ணடுக்கு. தோட்டங் கொத்துகையில் எடுத்து, புளியிட்டுத் துலக்கி, பெட்டியில் வைத்த காசு அழகாயிருக்கும். ஆனால் வாய் திறவாது. 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் கந்தரோடையை அடுக்கடுக்காக அகழ்ந்தனர். உரோமக் காசு வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே அங்கு மக்கள் வாழ்ந்தமையை மட்பாண்ட ஓடுகள் காட்டின.