பட்டைகள் எதை எண்ணுகின்றன?

வெண்ணந்தூர் ஒன்றியத்தில் ஓராண்டில் இரண்டு வன்கொடுமை வழக்குகளும், அடுத்த ஆண்டில் நான்கும் பதிவானதாக வைத்துக்கொள்வோம். ‘வன்கொடுமை 100 விழுக்காடு உயர்வு’ என்று சுவரொட்டி அச்சிடலாம். மூன்றாம் ஆண்டில் மீண்டும் இரண்டானால் ‘50 விழுக்காடு சரிவு’ என்று நிர்வாகம் பெருமை பேசலாம். இரண்டு கணக்குகளும் சரியானவைதாம். ஆனால் ஒடுக்குமுறை கூடியதா, குறைந்ததா என்பதை இரண்டுமே சொல்லவில்லை. எண்கள் சிறியவையாக இருக்கும்போது விழுக்காட்டைத் தவிர்த்து வழக்குகளின் எண்ணிக்கையையே எழுதுவது நேர்மை.

பெரிய எண்களிலும் கண்கட்டு உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, பட்டியல் சாதியினருக்கு எதிரான வழக்குகள் 2021இல் 50,900, 2022இல் 57,582. உயர்வு ஏறத்தாழ 13 விழுக்காடு. ஆனால் பட்டை வரைபடத்தின் செங்குத்து அச்சைச் சுழியத்தில் தொடங்காமல் 50,000இல் தொடங்கினால், இரண்டாவது பட்டை முதல் பட்டையைவிட எட்டு மடங்கு உயரமாகத் தெரியும். நம் தரப்பினரே இத்தகைய படத்தைப் பரப்பினால், அதைப் பிடித்துக்கொண்டு கொடுமையையே பொய்யென்று சொல்ல எதிர்த்தரப்புக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

அடுத்தது மாநில ஒப்பீடு. 2022இல் வழக்குகளின் எண்ணிக்கையில் 15,368 என உத்தரப் பிரதேசமே முதலிடம். ஒரு லட்சம் பட்டியல் சாதி மக்களுக்கு எத்தனை வழக்கு என்று கணக்கிட்டால் அங்கே 37.2, இராஜஸ்தானில் 71.6, மத்தியப் பிரதேசத்தில் 68.2. மக்கள்தொகையைக் கருதாத வரைபடம் இவ்விரு மாநிலங்களையும் பின்னே மறைத்துவிடுகிறது. இந்த வீதமும்கூட 2011 மக்கள்தொகையை வைத்தே கணக்கிடப்பட்டது என்பதையும் படத்தின் கீழே குறிப்பிட வேண்டும்.

அதே ஆண்டில் தமிழகத்தில் 1,761 வழக்குகள், வீதம் 12.2. இதைக் காட்டி ‘தமிழகம் அமைதிப் பூங்கா’ எனலாமா? கூடாது. இந்த எண் குறிப்பது நிகழ்ந்த கொடுமைகளை அன்று. காவல் நிலையம் பதிந்த வழக்குகளை. புகார் மறுக்கப்பட்டால், கட்டப்பஞ்சாயத்தில் முடிக்கப்பட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் சேர்க்கப்படாமல் விடப்பட்டால் பட்டை தாழ்ந்தே நிற்கும். 1950ஆம் ஆண்டு ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி மறுக்கப்பட்ட தலித் கிறித்தவர்மீதான வன்முறைக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை.

நாமக்கல் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் உடல், பள்ளிபாளையம் அருகே இரயில் பாதையில் கிடந்தது. அது தற்கொலையாகத் தோன்றும்படி செய்யப்பட்டிருந்தது. குடும்பத்தாரும் இயக்கங்களும் உறுதியாக நின்றனர். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தற்கொலை என்றே கோப்பு மூடப்பட்டிருந்தால், வன்கொடுமைப் பட்டியலில் ஓர் எண்கூட ஏறியிருக்காது. வரைபடம் அந்த அளவுக்கு ‘அமைதி’ காட்டியிருக்கும்.

எனவே ஒரு வரைபடத்தைப் பகிரும் முன் நான்கு கேள்விகள் போதும். அச்சு எங்கே தொடங்குகிறது? எந்த மக்கள்தொகையால் வகுக்கப்பட்டது? எண்ணியவர் யார்? எண்ணப்படாமல் விடுபட்டவர் யார்? முதல் மூன்றுக்கும் விடை பெரும்பாலும் அறிக்கையிலேயே கிடைக்கும். நான்காவதற்கு ஊருக்குள், சேரிக்குள் சென்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.