கடல் கொண்ட ஊரும் ஏடு காத்த வரலாறும்

கடல்கோள் என்னும் சொல் தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. ஆயினும், கடல் ஓர் ஊரைக் கொண்டது எந்த ஆண்டில், எக்காரணத்தால், யாருடைய செயலால் என்று ஐயமின்றிக் கூற வேண்டுமாயின், அவ்வூரைப் பற்றிய குறிப்புகள் இருத்தல் வேண்டும். அத்தகைய குறிப்புகள் வாய்க்கப்பெற்ற ஊர்களுள் ஒன்று, இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில் இருந்த ஹால்சாண்ட்ஸ் என்னும் மீனவர் சிற்றூராகும்.

1891-இல் அவ்வூரில் இருந்த வீடுகள் 37. மக்கள் 159 பேர். இவ்வளவு நுட்பமாக நாம் அறிவது எங்ஙனம்? அந்நாட்டில் ஊர் வரலாறு எழுதுவோர்க்கு மூவகைச் சான்றுகள் கைகொடுக்கின்றன. முதலாவது, 1538-இல் பிறந்த ஆணையின்படி கோயில்தோறும் எழுதப்பெற்ற திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள். இரண்டாவது, 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி வரையப்பெற்ற நிலப்படங்கள். எந்த நிலம் யாருடையது, யார் உழுதார் என்பதை இவை காட்டும். மூன்றாவது, குடிமதிப்பு. 1801-இல் தொடங்கிய இக்கணக்கில், 1841 முதல் வீட்டிலுள்ளோர் பெயரும் தொழிலும் இடம்பெற்றன.

இனி, ஊர் அழிந்த வரலாற்றைக் காண்போம். பிளிமத் நகரை அடுத்த கீயம் கப்பற்படைத் துறையை விரிவாக்கக் கல்லும் மணலும் வேண்டியிருந்தன. 1897-இல் ஹால்சாண்ட்ஸ் கரையோரத்தில் அவற்றைத் தோண்டத் தொடங்கினர். நாளொன்றுக்கு 1,600 டன் வரை அள்ளப்பட்டது. ஊரார் அஞ்சி முறையிட்டனர். அரசினர் உசாவினர், பெருங்கேடு விளையாது என்று முடிவு கூறினர். தோண்டுதல் நிற்கவில்லை.

1900-இல் கடற்கரையின் மட்டம் தாழ்ந்தது. அவ்வாண்டுப் புயலில் கடற்சுவரின் ஒரு பகுதி இடிந்தது. ஊரார் மீண்டும் விண்ணப்பித்தனர். 1901-இல் வந்த வேறோர் ஆய்வாளர் தோண்டுதலை நிறுத்துக என்று பரிந்துரைத்தார். 1902 சனவரி 8-ஆம் நாள் உரிமம் நீக்கப்பட்டது. ஆனால் காலம் கடந்துவிட்டது. 1917 சனவரி 26 அன்று கீழைக் காற்றும் பேரலையும் ஒருங்கே தாக்கின. உயிர்ச்சேதம் இல்லை, எனினும் அவ்வாண்டு இறுதியில் குடியிருக்கத் தக்கதாய் எஞ்சிய வீடு ஒன்றே.

அள்ளிய கல்லைக் கடல் மீண்டும் கொணர்ந்து நிரப்பாதோ எனின், நிரப்பாது. அக்கற்கள் பனியூழி முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது கரையில் ஒதுங்கியவை. புதுவரவு ஏதுமில்லை. எனவே அது வருவாயன்று, முதல். முதலையே எடுத்துச் செலவிட்டால் வீடு நிலைக்குமோ?

இவ்வுண்மையை நிலைநாட்டத் துணைநின்றவர் ஹான்ஸ்போர்டு வொர்த் என்னும் பொறியாளர். அவர் அக்கரையை ஆண்டுகள் பலவாக அளந்து, படமெடுத்து, 1904-இல் கட்டுரையாகவும் வெளியிட்டார். இழப்பீடு பெற ஊரார் ஏழாண்டுகள் போராடினர். ஊராரின் அச்சத்தை, வெறும் அச்சம் என்று ஒதுக்கலாம். நாளும் அளவும் குறித்த ஏட்டை அவ்வாறு ஒதுக்குதல் அரிது.

ஊர் வரலாற்றுக் கழகங்களின் பணி இதுவே. பழம்படங்களைத் திரட்டி நாளும் இடமும் குறித்தல், முதியோர் மொழிந்ததை எழுதிவைத்தல், ஏடுகளைப் படியெடுத்து யாவரும் காணுமாறு வைத்தல் ஆகியன இதனுள் அடங்கும். இதனைப் பொழுதுபோக்கென எண்ணற்க. லெஸ்டர் நகரக் கல்லூரி 1948-இலேயே ஊர் வரலாற்றுக்கெனத் தனித்துறை நிறுவியது. அதனை வழிநடத்திய ஹாஸ்கின்ஸ் என்னும் அறிஞர், நிலமே ஒரு வரலாற்று ஏடு என்று காணும் கண்ணை மாணவர்க்கு அளித்தார்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் செய்துபார்க்கலாம். ஒரே இடத்தை ஆண்டுதோறும் ஒரே நாளில் மாணவர் படமெடுக்கட்டும். பின்புறத்தில் நாளும் இடமும் எழுதட்டும். இன்று எளிதாகத் தோன்றும் அக்குறிப்பு, பிற்காலத்தில் ஓர் ஊரின் வழக்கிற்கே சான்றாகலாம். ஹால்சாண்ட்சில் இன்று நிற்பன பெரும்பாலும் இடிந்த சுவர்களே. ஆயினும், அவை ஏன் இடிந்தன என்பதை நாம் அறிவோம். எழுதி வைத்தோர் இருந்தமையால் அறிவோம்.