பகடை போட்டு உயிரைத் தேடலாம்

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு ஏறியிருக்கிறீர்களா? காலுக்குக் கீழே மொட்டையாகக் கிடக்கும் அந்தப் பாறை உருவானபோது நிலத்தில் ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை. அவ்வளவு பழசு! ஆனால் முதல் உயிர் எப்படி வந்தது என்று தேடுகிறவர்களுக்கு அந்தப் பழசும் போதாது. பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. ஏறக்குறைய 350 கோடி ஆண்டுக்கு முன்பே நுண்ணுயிர்கள் இருந்ததற்குப் பாறைகளில் தடயம் இருக்கிறது. அதற்கும் முந்தைய பாறைகள் பெரும்பாலும் உருகியும் நசுங்கியும் உருமாறிப் போய்விட்டன. பிறகு எங்கே போய்த் தேடுவது? சோதனைக்கூடத்தில் தேடலாம்.

1953-இல் அமெரிக்காவில் ஸ்டான்லி மில்லர் ஒரு கண்ணாடிக் குடுவையில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை அடைத்து மின்பொறி பாய்ச்சினார். அமினோ அமிலங்கள் கிடைத்தன. நம் உடம்பின் புரதங்கள் அவற்றால் ஆனவைதான். சரி, சரக்கு வந்துவிட்டது. சரக்கு கிடந்தால் மட்டும் உயிர் ஆகிவிடுமா? ஒரு மூலக்கூறு இன்னொன்று உருவாக உதவ வேண்டும்; அது வேறொன்றுக்கு உதவ வேண்டும். அந்தக் கூட்டணி முதலில் எப்படி அமைந்தது?

1998-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சஞ்சய் ஜெயின், சந்தீப் கிருஷ்ணா இருவரும் இந்தக் கேள்வியைக் கணினிக்குள் கொண்டுபோனார்கள். அவர்கள் செய்ததைச் சுருக்கி நாமே விளையாடலாம். ஒரு தாள், பென்சில், பகடை போதும்.

அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று ஆறு எழுத்துகளை வட்டமாக எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஒரு மூலக்கூறு. அ-வால் ஆ-வுக்கு உதவி உண்டா? பகடையை உருட்டுங்கள். ஆறு விழுந்தால் அ-விலிருந்து ஆ-வுக்கு ஓர் அம்பு. அடுத்து, ஆ-வால் அ-வுக்கு? மறுபடியும் உருட்டுங்கள். இப்படி எல்லா ஜோடிகளுக்கும் இரு திசையிலும் பார்த்தால் 30 உருட்டல். கை வலித்தால் தம்பியிடம் கொடுங்கள்.

இப்போது யாருக்கு மிகக் குறைவான அம்பு வருகிறதோ அந்த எழுத்தை அம்புகளோடு அழித்துவிடுங்கள். சமமாக இருந்தால் சீட்டுக் குலுக்கலாம். அந்த இடத்தில் புது எழுத்து ஒன்றை வைத்து, அதற்கு மட்டும் பகடை உருட்டுங்கள். பிறகு மறுபடியும் ஒன்றை அழியுங்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு விஷயம் கண்ணில் படும். அ → ஆ → இ என்று சங்கிலி இருக்கிறது என்று வையுங்கள். அ-வுக்கு உதவ யாருமில்லை, அது போகும். அது போனால் ஆ அநாதை, அதுவும் போகும். கடைசியில் இ-யும் போகும். ஆனால் இ-யிலிருந்து அ-வுக்கு ஓர் அம்பு திரும்பியிருந்தால் மூன்றும் தப்பித்துவிடும். வேடசந்தூர்ப் பக்கம் மாடு வளர்க்கும் வீடுகளில் சாணம் சோளக் காட்டுக்கு எருவாகப் போகும், காட்டில் அறுத்த சோளத்தட்டை மாட்டுக்குத் தீனியாகத் திரும்பும், அதுபோல. இந்த வளையத்தை யாரும் திட்டமிட்டுப் போடவில்லை, பகடைதான் போட்டது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

நாம் ஆறு எழுத்து வைத்த இடத்தில் ஜெயினும் கிருஷ்ணாவும் வைத்தது 100 புள்ளிகள். வெகுநேரம் ஒன்றும் நடக்காது. தற்செயலாக ஒரு சின்ன வளையம் விழுந்ததும் காட்சி மாறிவிடும். வளையத்திலிருந்து ஓர் அம்பு கிடைத்த புதுப்புள்ளி ஒட்டிக்கொள்ளும், அதன் அம்பு கிடைத்தது அதோடு ஒட்டிக்கொள்ளும். கூட்டம் மளமளவென்று பெருகி நூறையும் வளைத்துப்போடும். அதன் பிறகும் விதிப்படி ஒன்றை அழித்தே ஆக வேண்டுமே! அழிகிற புள்ளி நடு வளையத்தைச் சேர்ந்ததாக இருந்தால், பெருங்கூட்டமே சடசடவென்று சரியும். பிறகு மறுபடியும் முளைக்கும்.

இதனால் கணினிக்குள் உயிர் பிறந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அம்புகள் வெறும் அம்புகள்தான். உண்மை மூலக்கூறுகள் இப்படி நடந்துகொள்ளுமா என்பதைச் சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். 2012-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நிலேஷ் வைத்யா, நைல்ஸ் லேமன் குழுவினர் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறின் துண்டுகளை வைத்துப் பார்த்தார்கள். தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் வகை ஒரு பக்கம். ஒன்றையொன்று வளையமாகக் கட்டிக்கொடுக்கும் மூன்று வகைகள் இன்னொரு பக்கம். தனித்தனிக் குழாயில் விட்டபோது சுயநலக்காரர்கள்தான் வேகமாகப் பெருகினார்கள். இரண்டையும் ஒரே குழாயில் கலந்து விட்டபோது வளையம் முந்திக்கொண்டது.