அல்லேலூயாவும் திறந்த சிறைக்கதவும்



கிறிஸ்துமஸ் காலத்தில் பல ஆலயங்களில் முழங்கும் 'அல்லேலூயா' பாடலை நம்மில் பலர் கேட்டிருப்போம். அது பரோக் கால இசைமேதை ஹேண்டல் இயற்றிய 'மெசியா' என்னும் பெரும் இசைப்படைப்பின் ஒரு பகுதி. லூத்தரன் சபையைச் சார்ந்த ஒருவரின் இசை, இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் சபை வேறுபாடின்றி எல்லாரையும் ஈர்ப்பது ஏன்?

முதற்காரணம், அது இறைவார்த்தை. 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 அன்று லண்டனில் தொடங்கி 24 நாள்களில் ஹேண்டல் இதற்கு இசையமைத்தார். வரிகளைத் தொகுத்துத் தந்த சார்லஸ் ஜென்னன்ஸ் அவற்றை விவிலியத்திலிருந்தே எடுத்தார். முதல் பகுதி எசாயாவின் ஆறுதல் வாக்கில் தொடங்கி ஆண்டவரின் பிறப்பைப் பாடுகிறது. இரண்டாம் பகுதி அவருடைய பாடுகளையும் உயிர்ப்பையும், மூன்றாம் பகுதி யோபுவின் நம்பிக்கையில் தொடங்கி நமது உயிர்ப்பையும் பாடுகின்றன. திருவெளிப்பாடு நூலிலிருந்து எடுக்கப்பட்ட 'அல்லேலூயா' இரண்டாம் பகுதியின் முடிவில்தான் வருகிறது. ஆம், அது தொழுவத்து மகிழ்ச்சி மட்டுமன்று, சிலுவையைக் கடந்து வந்த மகிழ்ச்சி!

இரண்டாவது காரணம், அது இரக்கச் செயலாகவே அரங்கேறியது. 1742 ஏப்ரல் 13, புனித வாரச் செவ்வாய். டப்ளின் நகரில் முதன்முறையாக 'மெசியா' இசைக்கப்பட்டது. கூடுதலாகப் பலர் அமரும்படி, பெண்கள் வளையம் வைத்து விரித்த பாவாடையின்றியும் ஆண்கள் வாளின்றியும் வருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். திரண்ட பணம் இரு மருத்துவமனைகளுக்கும், கடனைக் கட்ட முடியாமல் சிறையில் கிடந்தோருக்கும் பகிரப்பட்டது. 142 பேர் விடுதலை பெற்றனர்! பின்னர் 1750 முதல் லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லத்திற்காக ஹேண்டல் இதை ஆண்டுதோறும் இசைக்கச் செய்தார். 1759-இல் இறந்தபோது இதன் இசைப்பிரதி ஒன்றை அந்த இல்லத்திற்கே உயில் எழுதி வைத்திருந்தார்.

சிறைப்பட்டோருக்கு விடுதலை அறிவிக்க வந்ததாக நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் உரைத்த ஆண்டவரின் பணி, டப்ளினில் ஒரு பாடலின் வழியே நிறைவேறியது.

நமது பாடகர் குழுக்களும் அழகாகப் பாடுகின்றன. நாமும் எழுந்து நின்று பாடுகிறோம். ஆனால் கடன் சுமையால் தலைகுனிந்து, கோயிலுக்கு வரவே கூச்சப்படும் குடும்பம் நம் பங்கிலும் இருக்கலாமே! அந்த வீட்டுக் கதவை நாம் தட்டியிருக்கிறோமா? நம் 'அல்லேலூயா' அவர்களுக்கும் நற்செய்தியாக ஒலிக்கட்டும். அதற்கான அருளை இறைவனிடம் மன்றாடுவோம்.