டிராக்டர் ரேடியேட்டர் மூடியைக் கவனியுங்கள்

சேற்றுழவில் டிராக்டர் சூடேறினால் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவோர் பலர். அதன் மூடியைப் பார்ப்போர் குறைவு. தண்ணீர் அடிக்கடி குறைவதற்கு அந்த மூடியே காரணமாக இருக்கலாம்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் உயரும். பிரஷர் குக்கரில் நடப்பதும் இதுவே. மூடியிலுள்ள ஸ்பிரிங், வால்வை அழுத்திப் பிடித்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியானால், தண்ணீர் ஏறத்தாழ 111 டிகிரி வரை கொதிக்காது. அழுத்தம் அதையும் மீறினால் வால்வு எழும்பி, மிகுதியை வழிகுழாயில் வெளியேற்றும்.

நடுவில் இன்னொரு சிறு வால்வும் உண்டு. எஞ்சின் ஆறும்போது உள்ளே அழுத்தம் குறையும். அப்போது இது திறந்து காற்றையோ, உபரி பாட்டிலிலுள்ள நீரையோ உள்ளே விடும். ஆறிய எஞ்சினில் ரப்பர் ஹோஸ் சப்பிக் கிடந்தால், இந்த வால்வு அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவும்.

ரப்பர் வாஷர் வெடித்திருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ மூடியை மாற்றிவிட வேண்டும். சாக்குத் துணியை வைத்து அடைப்பது வீண் வேலை. டிராக்டர் கையேட்டில் குறித்த அழுத்தமுள்ள மூடியையே வாங்கவும். கூடுதல் அழுத்தமுள்ளதைப் போட்டால் ஹோஸ் வெடிக்கலாம். ரேடியேட்டரின் பற்றவைப்பும் விட்டுப்போகலாம்.

எஞ்சின் சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கியதும் உள்ளிருக்கும் தண்ணீர் நீராவியாகச் சீறி, முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். தொட்டுப் பார்த்து, நன்றாக ஆறிய பிறகே, தடித்த துணியைப் போட்டு மெதுவாகத் திருகவும்.