மாணாக்கர் கையில் எந்தப் பக்கம்?

இணையத்தில் தமிழ்ப் பக்கங்கட்குக் குறைவில்லை. அவற்றுள் எதனை மாணாக்கர்க்கு வாசிக்கக் கொடுப்பது என்பதே ஆசிரியர்க்குள்ள இடர்ப்பாடு. ஔவையாரை எடுத்துக்கொள்வோம். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர் சங்க காலத்து ஔவையார். ஆத்திசூடி பாடியவரோ பல நூற்றாண்டுகட்குப் பின் வாழ்ந்த மற்றொருவர். இருவரையும் ஒருவராக்கிக் கதை சொல்லும் பக்கங்கள் பல. யானும் ஒருமுறை அத்தகைய பக்கமொன்றைப் படியெடுத்து வகுப்பில் கொடுத்துவிட்டேன். எழுத்துப்பிழை இல்லை, நடையும் இனிது என்பதே காரணம். மறு ஆண்டும் விடைத்தாள்களில் அப்பிழை நின்றது! பத்துப் பக்கங்கள் ஒன்றையே சொல்லினும் மயங்க வேண்டா. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையாக இருக்கலாம்.

முதற்கண் நோக்கவேண்டுவது, சொல்பவர் யார், எந்நூலைக் கொண்டு சொல்கிறார் என்பது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் தட்டெழுதியோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்களைப் பெரும்பாலும் முகப்பிலேயே காணலாம். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் எவரும் திருத்தம் செய்யலாம். ஆயினும் எப்பயனர் எந்நாளில் எதை மாற்றினார் என்பதைக் கட்டுரைதோறும் உள்ள வரலாற்றுப் பகுதி காட்டிவிடும். அதனைத் திறந்து பாராமல் கட்டுரையை மட்டும் படியெடுத்துக் கொடுப்பது தகாது.

சொற்கள் வகுப்புக்கு ஏற்றனவா என்பது பிற்பாடு பார்க்கவேண்டுவது. கடுஞ்சொல் இருப்பின் ஓரத்தில் பொருள் எழுதிக் கொடுத்துவிடலாம்.